அரக்குத் தட்டில் எஞ்சிய குரல்

இருபத்தேழு ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்து, அவற்றுள் இருபது ஆண்டுகளை நாடக மேடையிலேயே கழித்து மறைந்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புலவர் ஒருவரின் வரலாறாயின் அவர் செய்த நூல்கள் நம் கையில் இருக்கும். அரசர் வரலாறாயின் கல்வெட்டும் செப்பேடும் இருக்கும். நடிகர் ஒருவர் மறைந்தால் அவர் கலையும் அவருடன் திரைக்குப் பின்னே போய்விடுகின்றது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா நமக்கு விட்டுச்சென்றவை சில நிழற்படங்களும், அரக்கினால் ஆகிய இசைத்தட்டுகளுமே. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. கிட்டப்பா அதன் பின்னும் இரண்டாண்டு உயிரோடிருந்தார்; எனினும் படமெதிலும் நடித்தாரில்லை. ஆதலின் அவர் மேடையில் நின்ற நிலையை இன்று நாம் காணுமாறில்லை. கேட்குமாறு மட்டுமே உண்டு.

மன்னாரில் தமிழ் கற்பிக்கும் நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியது எப்படி என்று நண்பர் சிலர் வியப்பர். எனக்கு அதில் வியப்பில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பயிற்சி பெற்றவனுக்கு இசைத்தட்டும் ஓர் ஏடே. சுவடிக்குக் கறையான் பகையெனின் தட்டுக்கு வெயிலும் கைதவறுதலும் பகை. சுவடியின் இறுதியில் எழுதினவன் பெயரும் ஆண்டும் இருப்பது போலத் தட்டின் நடுவிலே ஒட்டிய காகிதத்தில் கம்பெனியின் பெயரும் பாடினவர் பெயரும் இருக்கும். அக்காகிதத்தை அடுத்த வெற்றிடத்தில் அரக்கிலேயே பொறித்த சிற்றெண் ஒன்றும் இருக்கும். காகிதம் உரிந்து போனாலும் அவ்வெண் அழியாது. அதைச் சாய்ந்த ஒளியிற் பிடித்துப் பார்த்தால், இன்ன கம்பெனியார் இன்ன வரிசையிற் பதிந்தது என்று ஒருவாறு துணியலாம். முகப்பேடு இழந்த சுவடிக்கு ஊர் பேர் கண்டுபிடிக்கும் இன்பம் இதிலும் உண்டு.

பேசாலையிலும் தலைமன்னாரிலும் பழைய வீடுகள் சிலவற்றில் இத்தகைய தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அதற்குக் காரணம் நம் ஊரின் இருப்பிடமே. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் வண்டியேறினவர் கடல் கடந்து தலைமன்னார்த் துறையில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேரலாயினர். வணிகரும் தோட்டத் தொழிலாளரும் வந்த அவ்வழியே நாடகக்காரரும் வந்தனர், ஆர்மோனியமும் வந்தது, வைக்கோலிற் பொதிந்த தட்டுப் பெட்டிகளும் வந்தன. துறையில் வேலை பார்த்தவர்கள் ஊதியம் பெற்ற நாளில் ஒன்றிரண்டு தட்டுகளை வாங்கி வைத்தனர். கடல் கடந்த பொருள் முதலில் கால் வைத்த இடத்திலேயே சிறிது தங்கிவிடுவது இயல்பு.

தட்டுகளைப் பார்த்தால் நாய்ச் சின்னமும் கொலம்பியாவும் மட்டுமல்ல, ஓடியன், ட்வின், ரீகல், பிராட்காஸ்ட், ஹட்சின்ஸ் என இன்று எவரும் நினையாத பெயர்கள் எத்தனையோ. ஓடியன் செருமானியரது, 1930களில் அதனைத் தமிழ்நாட்டில் பரப்பியது, பின்னாளில் படமுதலாளியாய்ப் பெயர் பெற்ற ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ். இவற்றிற் பல தட்டுகள் 'நாடக செட்' என வழங்கியவை. ஒரு நாடகத்தைச் சுருக்கி, பாட்டும் வசனமுமாகப் பல தட்டுகளில் அடைத்து, பெட்டியாக விற்பர். கோவலனும் வள்ளியும் அரிச்சந்திரனும் இவ்வாறு வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். அவற்றிற் பாடிய குழுவினர் பெரும்பாலோர் பெயர் நமக்கு எந்த நூலிலும் எதிர்ப்படாது. தட்டின் காகிதத்தில் சிற்றெழுத்தில் 'குழுவினர்' என்றிருக்கும், அவ்வளவே. அவர்களும் இராப்பகலாய் ஊர் ஊராய்ப் பாடிப் பிழைத்தவர்கள்தாம். இத்தட்டுகளிடையே கிட்டப்பாவின் குரல் எழும்போது மட்டும், பெயர் அறியாதவரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கின்றனர். இதனை நான் பலமுறை கண்டதுண்டு. என் மாணவர் சிலர், கிட்டப்பா என்ற பெயரையே கேட்டிராதவர்கள், அவ்வாறு நின்றதையும் கண்டேன். அவர் வரலாற்றை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்ததே.

கிட்டப்பா பிறந்தது 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956இலேதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. குற்றால மலையின் சாரல் படும் ஊர். தந்தையார் கங்காதர ஐயர், தாயார் மீனாட்சியம்மாள். இட்ட பெயர் இராமகிருஷ்ணன். கிட்டப்பா என்பது வீட்டார் அழைத்த பெயர். குடும்பம் பெரிது, பொருள் சிறிது. பிள்ளைகள் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தது கலை வேட்கையால் மட்டும் என்று எழுதுவோர் வறுமையை மறைக்கின்றனர். சோறும் துணியும் தந்து, பாட்டும் கற்பிக்கும் இடம் அக்காலத்தில் பாலர் நாடகக் கம்பெனி ஒன்றே. ஆறு வயதளவில் கிட்டப்பாவும் சகோதரர்களைத் தொடர்ந்து மேடையேறினார்.

அவர் அடைந்த ஆசிரியர் எளியவரல்லர். தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமிழ் நாடகத்துக்கு இலக்கணம் போன்றவர். அவர் 1910இல் நிறுவிய சமரச சன்மார்க்க நாடக சபையில், எழுத்தறியாச் சிறுவரும் வெண்பாவைச் சீர் பிரித்து உச்சரிக்கக் கற்றனர். கிட்டப்பாவின் தட்டுகளில் நான் முதலிற் கவனித்தது இதுவே. எத்துணை விரைவாகச் சங்கதிகள் உதிர்ந்தாலும் சொல் சிதைவதில்லை. ழகரம் ழகரமாகவே ஒலிக்கின்றது, ஒற்று விழுங்கப்படுவதில்லை. பாட்டுக்காரர் பலரிடம் தமிழ் படும் பாட்டை நன்கறிந்த என்போன்றவர்க்கு இது ஓர் ஆறுதல். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சிறிது. யாப்பின் ஓசையோ காது வழியே உள்ளே இறங்கிவிட்டது.

பின்னர் அவரும் சகோதரரும் கன்னையாவின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தனர். கன்னையா காட்சி ஆடம்பரத்திற் பேர்பெற்றவர். அவருடைய 'தசாவதாரம்' சென்னையை மயக்கிற்று. அந்தப் பகட்டுக்கிடையிலும் கூட்டம் காத்திருந்தது கிட்டப்பாவின் பாட்டுக்கே. சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். இருவர்க்குமிடையே இருந்த ஒத்திசைவு குருதியினால் வந்தது போலும்; தம்பியின் குரல் எங்கே திரும்பும் என்பது அவர் விரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது கேட்டவர் வழிவழிச் சொல்லிவந்த செய்தி.

அக்காலத்து நாடக மேடைக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையில், கடைசி வரிசையில் தரையிலிருப்பவன் காதிலும் விழ வேண்டும். ஆதலால் நடிகர் உச்ச சுருதியிற் பாடினர். நம் மன்னார்க் கூத்திலும் இதே நிலைதான். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகையாய் வழங்கும் நம் கூத்துகளில் அண்ணாவியார் மத்தளத்தோடு குரலெடுத்தால் விடியும்வரை அக்குரல் தாழாது. பிற்பாட்டுக்காரர் அதனை ஏந்திக்கொள்வர். அவ்வாறு பழகிய காதுகளுக்குக் கிட்டப்பாவின் உச்சம் அந்நியமாகத் தோன்றியிராது. கருநாடக இசை மேடையின் நயமும் கூத்துக் களரியின் வலியும் ஒரே தொண்டையிற் கூடியது எனலாம்.

இங்கே சுருதியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது தகும். கிட்டப்பா இத்தனை கட்டையிற் பாடினார் என்று பலர் பலவாறு கூறுவர். கூறுந்தோறும் அரைக்கட்டை ஏறும். தட்டை வைத்துத் தீர்க்கலாமே எனின், தட்டும் பொய் சொல்லும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டிய தட்டு 83 சுற்றுச் சுழன்றால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்துவிடும். நான்கு கட்டைப் பாட்டு நான்கரைக் கட்டையாகும். குரலும் இளமை பெறும். சங்கதியும் மின்னல் போல் ஓடும். வில் முறுக்கிச் சுழலும் பெட்டியாயின், முறுக்குத் தளரத் தளரப் பாட்டின் முடிவு தாழ்ந்து வரும். ஆகவே தட்டிற் கேட்டதை வைத்துக் கட்டை கூறுவோர் முதலில் பெட்டியின் வேகத்தை அளந்திருத்தல் வேண்டும். நான் கடிகாரத்தைக் கையில் வைத்துச் சுற்றுகளை எண்ணிச் சரிசெய்த பின்னரும், கிட்டப்பாவின் குரல் உயர்ந்தே நிற்கின்றது. ஆனால் அதன் பெருமை உயரத்தில் இல்லை. மேலே சென்ற பின்னும் அங்கே திணறாமல், வீட்டு முற்றத்தில் உலவுவது போல உலவுகின்ற எளிமையில் இருக்கின்றது.

இன்னொன்று. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்திற் கொள்வது மூன்று நிமிடத்துக்குச் சிறிது கூடுதலான பாட்டே. மேடையில் ஒரு விருத்தத்தை இராகம் மாற்றி மாற்றிக் கால் மணிநேரம் பாடி, கூட்டம் மீண்டும் கேட்க மீண்டும் பாடியவர், பதிவறையில் ஆள்கூட்டமின்றி ஒரு கருவியின் முன் நின்று அதனை அவ்வெல்லைக்குள் அடக்க வேண்டியதாயிற்று. தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையையும் இராமலிங்க அடிகளின் பாடலையும் அவர் அடக்கியிருக்கும் திறம், பெருங்காப்பியத்தை நாலடியிற் சொன்னது போன்றது. வலிமை வாய்ந்த சுருக்கம். எனினும் சுருக்கமே என்பதை மறத்தலாகாது. நாம் கேட்பது கிட்டப்பாவின் ஒரு பகுதி.

இனி இலங்கைக்கு வருவோம். கொடுமுடியிற் பிறந்த சுந்தராம்பாள் சிறுமியாய் இருந்தபோதே, 1917ஆம் ஆண்டளவில், கொழும்புக்கு நாடகமாட வந்தார். இலங்கைத் தமிழர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினர். கிட்டப்பா 1926இல் இலங்கைக்கு வந்தபோது இங்கே அரசு செலுத்தியவர் சுந்தராம்பாளே. அந்நாளில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு வழக்கம் இருந்தது. வெவ்வேறு இடத்துப் புகழ்பெற்ற நடிகரை ஓரிரவுக்கு ஒருங்கு சேர்ப்பர், ஒத்திகை கிடையாது. கதை எல்லார்க்கும் தெரியும். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் மேடையிலேயே பிறக்கும். ஆதலின் அது பாதி நாடகம், பாதி மற்போர். சுந்தராம்பாளின் குரலுக்கு முன் நிற்க இயலாது என்று கிட்டப்பாவை அச்சுறுத்தினோர் உண்டு. கிட்டப்பாவின் முன் அவர் புகழ் மங்கும் என்று சுந்தராம்பாளைத் தடுத்தோரும் உண்டு. இருவரும் கேட்கவில்லை. கொழும்பில் 'வள்ளி திருமணம்' நடந்தது. அவர் வேலன், வேடன், விருத்தன்; இவர் வள்ளி. அன்றிரவு வென்றவர் யாவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இருவரும் தோற்றனர் என்பதே என் தீர்ப்பு. ஒருவர் குரலுக்கு மற்றவர்.

1927இல் இருவரும் மணம்புரிந்தனர். சாதி வேறு என்பது ஒன்று. அதனினும் பெரியது மற்றொன்று: கிட்டப்பாவுக்கு 1924இலேயே கிட்டம்மாளுடன் மணமாகியிருந்தது. வரலாறு எழுதுவோர் சிலர் இதனை ஒரு வரியிற் கடந்து, காதற் காவியம் பாடத் தொடங்கிவிடுவர். அப்படிக் கடப்பது முறையன்று. செங்கோட்டையிற் காத்திருந்த அந்த அம்மையாரின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை என்பதற்காக அவர் வாழ்வு இல்லையாகிவிடாது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த சில ஆண்டுகள் தமிழ் நாடக மேடையின் பொற்காலம் என்பர். இருவரும் கதர் உடுத்தினர். தேசியப் பாடல்களை மேடையிற் பாடினர். பொருளும் குவிந்தது. மனவேறுபாடும் குவிந்தது. சுந்தராம்பாளுக்கு 1928இற் பிறந்த குழந்தை சில நாளிலேயே இறந்தது. பிரிந்தனர், கடிதம் எழுதினர், சேர்ந்தனர், மீண்டும் பிரிந்தனர். சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியிருக்கின்றன. அவற்றை இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. ஒரு பெண் தன் கணவனுக்கு எழுதியதைப் படிக்கும்போது நமக்குத் தோன்றும் கூச்சம் நியாயமானது. ஒன்று மட்டும் கூறலாம். அக்கடிதங்களில் நாம் காண்பது மேடையின் வள்ளியை அல்ல. தன் உரிமை எது என்று தெரிந்து கேட்கும் ஒரு பெண்ணை.

கிட்டப்பாவைப் புகழும் நாம் அவருக்கு வந்த அழிவையும் சொல்லவேண்டும். குடிப்பழக்கம் அவரைப் பற்றியது. இரவு முழுதும் உச்ச சுருதியிற் பாடி, விடியலில் உறங்கி, மீண்டும் இரவு பாடும் வாழ்க்கை உடலை அரித்தது. கூட்டம் மீண்டும் பாடு என்று கூவுவதை அன்பு என்றே நாம் எண்ணுகின்றோம். அவ்வன்புக்கு ஒருவர் உடல் எத்தனை இரவு ஈடுகொடுக்கும்? வயிற்று நோய் முற்றியது. 1933இல் திருவாரூரில் நாடகம் நடக்கும்போதே மேடையில் மயங்கி விழுந்தார். அதன் பின் எழுந்து முன்போல் நடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் செங்கோட்டையில் உயிர் துறந்தார். அகவை இருபத்தேழு.

சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. அன்று உடுத்த வெண்புடைவையை 1980இல் தாம் மறையும்வரை மாற்றவில்லை. நாடக மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவர், 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் தோன்றினார், ஆண் வேடத்தில். அதற்காக ஓரிலட்சம் ரூபா பெற்றார் என்பதை எல்லாரும் வியந்து எழுதுவர். வேறொருவருடன் இணைந்து நாயகியாய் நடிப்பதில்லை என்ற உறுதியே அவ்வேடத்தின் பின்னிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பாய்த் தோன்றுவது. 1953இன் 'ஔவையார்' படத்தில் அவர் கிழவியாய் வந்து பாடியபோது, கொழும்பில் வள்ளியாய் அவரைக் கேட்டவர் சிலரேனும் உயிரோடிருந்திருப்பர்.

கிட்டப்பாவின் வழியைப் பின்பற்றினோர் பலர். எம். கே. தியாகராஜ பாகவதர் பாட்டில் அச்சாயலைக் கேட்போர் உணர்வர். ஈழத்திலும் அவ்வழி வந்த இசைநாடகம் வேரூன்றிற்று. 'மயான காண்ட'த்தில் அரிச்சந்திரனாய் நின்ற நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அம்மரபின் பெருமரம். ஒலிபெருக்கி வந்தபின் சுருதி மெல்ல இறங்கிற்று. இறங்கியது நன்றே என்பார் உளர். தொண்டை பிழைத்தது உண்மை.

தட்டுகளுக்கு நேர்ந்ததையும் கூறிவிடுகிறேன். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980களில் போர் மூண்டபோது நின்றது. 1990இல் தலைமன்னார் இருப்புப்பாதையும் அற்றது. 2015இலேயே மீண்டும் வண்டி துறைவரை வந்தது. அந்த 1990இல் இத்தீவின் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும், வெவ்வேறு வகையில் வீடிழந்து போயினர். போனவர் கையிற் கொண்டது உடுதுணியும் குழந்தைகளும். தட்டுப் பெட்டியை யார் தூக்குவர்? பேசாலையில் ஒரு வீட்டார் மட்டும், திரும்பி வந்தபோது, கூரையற்ற அறையின் மூலையில் ஓலைப்பெட்டிக்குள் பதினான்கு தட்டுகளைக் கண்டனர். வெயிலில் வளைந்தவை ஒன்பது. இரண்டு உடைந்திருந்தன. நேராயிருந்த மூன்றில் ஒன்று கிட்டப்பா.

அத்தட்டை நான் வாங்கிக்கொள்ள விரும்பியபோது அவ்வீட்டு மூதாட்டியார் இசையவில்லை. அவர் தந்தையார் துறையில் மூட்டை சுமந்து வாங்கியதாம். கேட்பதற்கு எப்போதும் வரலாம், எடுத்துப் போகலாகாது என்றார். வளைந்த தட்டுகளை இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே வைத்து இளவெயிலில் மெல்ல நிமிர்த்தும் முறையொன்று உண்டு. அதனைச் செய்து பார்க்க இசைவு தந்தார். இதுவரை நான்கு நிமிர்ந்தன. அவற்றுள் இரண்டு, பெயர் மட்டும் எஞ்சிய ஒரு குழுவினர் பாடிய 'அரிச்சந்திரா' நாடக செட்டின் மூன்றாம் தட்டும் ஐந்தாம் தட்டும். எஞ்சியவற்றை வருகின்ற கச்சான் காற்று ஓய்ந்தபின் எடுக்க எண்ணியிருக்கிறேன். அந்த செட்டின் பிற தட்டுகளை வைத்திருப்போர் மன்னார்க் கரையிலோ இராமேசுவரத்திலோ இருப்பாராயின், அவற்றின் நடுவே பொறித்த எண்ணை மட்டுமேனும் எழுதி அறிவித்தால் போதும். தட்டு அவர்களிடமே இருக்கட்டும்.